தோட்ட விளையாட்டைக் கண்ணுக்கு இதமாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் கணினி வகுப்பு நடத்துகிறேன். வகுப்புப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து, உலாவியிலேயே ஆடும் ஒரு விளையாட்டைச் செய்தோம். ஆட்டக்காரர் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பால்மரத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். தன் நிரையில், அதாவது தனக்குரிய மரவரிசையில், பால் வடியப் பட்டையை வெட்டி மரம் சீவ வேண்டும். மழை வந்து கெடுக்குமுன் பாலை எடுத்து, கொட்டகையில் நிறுத்து, காசு வாங்க வேண்டும். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு இது தாத்தா பாட்டி காலத்துக் கதை.

விளையாட்டை வெளியில் விட்டதிலிருந்து வகுப்பில் ஒருவர், கோப்பிக்கடையில் ஒருவர், கோயில் அன்னதான வரிசையில் ஒருவர் என்று அதன் தோற்றத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே கேள்விக்கு ஐந்தாவது முறையாகப் பதில் சொன்ன அன்று இதை எழுத உட்கார்ந்தேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

"அண்ணே, பார்க்க அழகாக இல்லை என்கிறார்கள். முதலில் எதை மாற்றுவது?"

அப்படிச் சொன்னவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "எந்த இடம்?" என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் இடத்தில் பெரும்பாலும் அழகுக் குறை இருக்காது. அங்கே எழுத்து படிக்க முடியாமல் இருக்கும், அல்லது எதை அமுக்குவது என்று புரியாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததைத்தான் மக்கள் அழகில்லை என்கிறார்கள்.

எங்கள் முதல் பதிப்பில் கரும்பச்சைக் காட்டின் மேல் பழுப்பு எழுத்து. இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் பார்த்தபோது சொக்கிப்போனோம். மறுநாள் பகல் ஒரு மணிக்குப் பஸ் நிலையத்தில் திறந்து பார்த்தால் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அன்று முதல் இது எங்களுக்கு 'வெயில் சோதனை': எந்தத் திரையானாலும் உச்சிவெயிலில் ஒரு முறை படித்துப் பார்த்த பிறகே வெளியில் விடுகிறோம்.

இதற்கு அளவும் உண்டு. கறுப்பின் மேல் வெள்ளை வைத்தால் ஒளி வேறுபாடு 21:1. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கும் பொத்தான் விளிம்புக்கும் 3:1 கேட்கிறது. குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவியில் எழுத்தின் நிறத்தைத் தொட்டால் இந்த எண்ணைக் காட்டும். எங்கள் பழுப்பு எழுத்து இரண்டைக்கூடத் தாண்டவில்லை.

"படம் வரைய ஆள் இல்லை. இருக்கிற படங்களை வைத்தே சரிசெய்ய முடியுமா?"

முடியும். வரைவதைவிட எடுத்துப் போடுவதில் பலன் அதிகம். ஐந்து பேர் ஐந்து விதமாக வரைந்த படங்கள் ஒரே திரையில் நின்றால் சந்தைக்கடை போலத்தான் இருக்கும். கோட்டின் தடிப்பு, வெளிச்சம் விழும் பக்கம், நிழலின் நிறம் ஆகிய மூன்றையும் எல்லாப் படத்திலும் ஒன்றாக்குங்கள். சுமாரான படங்கள்கூட ஒரே கையால் வரைந்ததுபோல் ஆகிவிடும்.

எங்கள் திரையில் வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து வரும். அதற்கு ஒத்துவராத ஒரு மாட்டுவண்டிப் படம் இருந்தது. வரைந்த பையனுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் அவனே நீக்கிவிட்டான்.

"நிறங்கள் எத்தனை வைக்கலாம்? சிவப்பு, பச்சை போதாதா?"

எண்ணிக்கைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அடிப்படையாக ஆறேழு நிறங்களை முடிவுசெய்து, மற்றவற்றை அவற்றின் வெளிர்ச்சியாகவும் அடர்த்தியாகவும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு செய்தியை நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் இது மிகுதி. முன்பு நல்ல மரத்துக்குப் பச்சை வட்டம், பால் வற்றிய மரத்துக்குச் சிவப்பு வட்டம் வைத்திருந்தோம். ஒரு பையன் வற்றிய மரத்தையே சீவிக்கொண்டு நின்றான். கவனமில்லாதவன் என்று நினைத்தோம். அவன் கண்ணுக்கு இரண்டு வட்டமும் ஒன்றுதான். இப்போது வற்றிய மரத்தின் மேல், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்று கவிழ்ந்து தொங்குகிறது. நிறம் அதற்குத் துணை மட்டுமே.

ஊரார் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் நிறங்களோடு மோதவும் கூடாது. பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீலமாக வரைந்திருந்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் அதை ஒரு வெள்ளி என்றே எண்ணினார்கள். மலேசியாவில் ஒரு வெள்ளி நீலம், பத்து வெள்ளி சிவப்பு என்று கை பழகிவிட்டது. எண்ணைப் படிக்குமுன் நிறத்தைப் படித்துவிடுகிறார்கள்.

"பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள்போல் பளபளவென்று செய்யக் கூடாதா?"

தோற்றத்தைச் செய்யலாம், ஆனால் உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிய பழைய மென்பொருளான ஃபிளாஷில் செய்ய முடியாது. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ஆம் தேதி நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரில் அந்த விளையாட்டுகள் ஓடாதபடி தடுத்தும்விட்டது. இப்போது உலாவிக்கு நேரடியாகப் புரியும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும், படம் வரையும் பரப்பான கேன்வாஸும் போதும்.

"வசனம் ஒவ்வோர் எழுத்தாக வரும்போது தமிழ் உடைந்து, புள்ளிவட்டம் வருகிறதே?"

இதைக் கேட்காத மாணவர் இல்லை. ஆங்கிலத்துக்காக எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் நடக்கும். 'தொடங்கு' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: தொ, ட, ங், கு. கணினி அதை ஏழு குறியீடுகளாக வைத்திருக்கிறது: த, ஒகரக் குறி, ட, ங, புள்ளி, க, உகரக் குறி. நிரல் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, தனித்தனி இடத்தில் வரைகிறது. தகரத்தை இரு பக்கமும் அணைத்து நிற்க வேண்டிய ஒகரக் குறிக்கு அணைக்க ஆள் கிடைப்பதில்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டத்தான் புள்ளிகளாலான வட்டம் வருகிறது.

வசனத்தை முழு எழுத்துகளாக வெட்டித் தர உலாவியிலேயே ஒரு கருவி இருக்கிறது: இன்ட்ல் செக்மென்ட்டர் (Intl.Segmenter). குரோமிலும் சஃபாரியிலும் சில ஆண்டுகளாகவே உண்டு. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024-இல் வெளிவந்த 125-ஆம் பதிப்பில் வந்தது. அதற்குக் கொடுத்தால் தொ, ட, ங், கு என்று நான்காகத் திருப்பித் தரும்.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. 'க்ஷ' என்பதை அது க், ஷ என்று இரண்டாகவே வெட்டும். எங்கள் கதையில் லக்ஷ்மி என்றொரு பாத்திரம் இருந்தாள். அவள் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் பிளந்து நின்றது. லெட்சுமி என்று மாற்றினோம். தோட்டத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், எனவே வெட்கப்படவும் இல்லை. உங்களுக்கு 'க்ஷ' வேண்டுமானால் அந்த இரண்டு துண்டையும் நிரலில் நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், எழுத்தெழுத்தாக வருவதைவிடச் சொல் சொல்லாக வருவதே தமிழுக்கு நன்றாக இருக்கிறது. படிப்பவர் கண்ணும் அப்படித்தான் நகர்கிறது.

"எந்த எழுத்துரு நல்லது? எந்த அளவில் வைப்பது?"

நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், தெளிவு, பல தடிப்புகளில் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் என்ற எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அந்த 'எம்என்' நம் மலேசியர் முத்து நெடுமாறனைக் குறிப்பது; தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கியவர். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே தங்கள் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார்கள்.

அளவு 16 பிக்சலுக்குக் கீழே வேண்டாம். வரி உயரம் 1.6 வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.2-இல் தமிழை அடைத்தால் மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கி' மேல் ஏறி உட்காரும். சிறிய அளவில் தடித்த எழுத்தும் ஆகாது. ஞ, ஜ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மைத்துளியாகிவிடும்.

கேன்வாஸில் எழுதுவோருக்கு ஒரு சொல். எழுத்துரு இறங்கி முடியுமுன் வரைந்தால் கருவியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவில் வரைந்துவிடும், பிறகு தானாக மாறாது. எழுத்துரு வந்துவிட்டதா என்று நிரலில் காத்திருந்து வரையுங்கள். அல்லது கேன்வாஸில் காடும் மரமும் மட்டும் இருக்கட்டும். எழுத்தை அதன் மேல் சாதாரண எச்டிஎம்எல்லாக வையுங்கள். நாங்கள் இரண்டாவது வழிக்கு மாறியபின் நிம்மதியாக இருக்கிறோம்.

"ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருப்பது அமுங்குகிறது. என் விரல்தான் பெரிதா?"

விரலில் குற்றம் இல்லை. தொடும் இடம் குறைந்தது 44 புள்ளி இருக்க வேண்டும் என்று ஆப்பிளும், 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அலகு) என்று ஆண்ட்ராய்டும் சொல்கின்றன. படம் சிறிதாக இருந்தாலும் அதைச் சுற்றித் தொடும் பரப்பை 48 பிக்சலாக விரித்துவிடுங்கள். பெரிதாகவும் அருகிலும் இருக்கும் இலக்கைக் கை சீக்கிரம் எட்டும் என்பதை பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே கணக்காக எழுதிவைத்தார்.

அளவு சரியானாலும் அண்டைவீடு சரியாக இருக்க வேண்டும். எங்களிடம் 'நிறு' என்ற பொத்தானுக்கு அடுத்தே 'கொட்டிவிடு' இருந்தது. காலையெல்லாம் சேர்த்த பாலை ஓர் அம்மா மூன்று முறை தரையில் கொட்டினார். முப்பது ஆண்டு உளி பிடித்த கட்டைவிரல் அவருடையது. காய்ப்பு ஏறி, நுனி சரியாகப் படாது. "நிஜத்தில் ஒரு நாள்கூடக் கொட்டியதில்லை தம்பி" என்று அவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது. திரும்பப் பெற முடியாத செயலை எதிர்மூலையில் வையுங்கள். அமுக்கியபின் சில நொடி 'வேண்டாம்' என்று மீட்கவும் வழி விடுங்கள்.

"மரம் சீவியது பிழை என்று ஒரு பாட்டி சொன்னாராமே, என்ன கதை அது?"

படக்கோப்பின் எடையைக் குறைக்க எல்லாரும் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. ஒரு மரத்தை வரைந்து, அதையே இடவலமாகத் திருப்பி இன்னொரு மரமாக நிறுத்துவது. ஒரே படத்தில் இரண்டு மரம். நாங்களும் அப்படிச் செய்து, நிரையில் ஒன்று விட்டு ஒன்று திருப்பி வைத்திருந்தோம். காடு இயல்பாகத் தெரிகிறது என்று பெருமை வேறு.

ஒரு மாணவியின் பாட்டி வகுப்புக்கு வந்தார். திரையைக் கொஞ்சநேரம் பார்த்தார். விரலை இரண்டாவது மரத்தில் வைத்து, "இந்த மரத்தை யாரய்யா சீவியது? இப்படிச் சீவினால் தண்டல் காட்டைவிட்டே விரட்டியிருப்பார்" என்றார். தண்டல் என்பவர் தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர். விரல் அடுத்து நான்காவது மரத்துக்குப் போனது, பிறகு ஆறாவது. திருப்பி வைத்த மரங்களை ஒன்றுவிடாமல் காட்டிவிட்டார்.

பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் ஏறக்குறைய 30 பாகை சரிவில் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்நாளங்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால் அதிக நாளங்கள் திறக்கும், பாலும் கூடும். படத்தைத் திருப்பியபோது நாங்கள் வெட்டையும் திருப்பிவிட்டோம். இப்போது இலைக்கொத்து மட்டும் திரும்பும்; தண்டும் வெட்டும் மங்கும் தனி அடுக்காகத் திரும்பாமல் நிற்கும். கோப்பு சற்றுக் கனத்தது, பரவாயில்லை. அடுத்த முறை வந்தபோது பாட்டி மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாளியின் கைப்பிடி சரியில்லை என்றார்.

"நான் இடக்கைக்காரன். எனக்காகத் திரையைத் திருப்பித் தர முடியுமா?"

பொத்தான்களைத் திருப்பலாம், மரத்தைத் திருப்ப முடியாது; காரணம் மேலே சொல்லியாகிவிட்டது. அமைப்புகளில் 'இடக்கை' என்று தேர்ந்தால் பொத்தான்கள் மட்டும் இடம் மாறும். சீவுவதற்கு விரலை இழுக்கும் திசை எல்லாருக்கும் ஒன்றுதான்.

"புதுக் கைப்பேசி வாங்கினேன். பழையதைவிட இதில்தான் படம் கலங்கலாகத் தெரிகிறது!"

புதிய திரைகளில் சிஎஸ்எஸ் கணக்கில் ஒரு பிக்சல் என்பது உண்மையில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று புள்ளிகள். கேன்வாஸைப் பழைய கணக்கில் வைத்தால் உலாவி அதை இழுத்து விரிக்கும், கலங்கும். டிவைஸ் பிக்சல் ரேஷியோ என்ற எண்ணை எடுத்து, கேன்வாஸின் உள்ளளவை அதனால் பெருக்கி, வெளியளவை அப்படியே விடுங்கள். மலிவான கைப்பேசி திணறினால் இரண்டுக்கு மேல் பெருக்க வேண்டாம். கட்டம் கட்டமான பிக்சல் ஓவியம் என்றால் சிஎஸ்எஸ்ஸில் இமேஜ் ரெண்டரிங் என்பதற்கு 'பிக்சலேட்டட்' என்று கொடுத்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

"எங்கள் தோட்டத்தில் கைப்பேசி அலை சரியாகக் கிடைக்காது. வெள்ளைத் திரையாகவே நிற்கிறது. இதுவும் வடிவமைப்பா?"

ஆம், ஆட்டக்காரர் பார்க்கும் முதல் படமே அந்த வெள்ளைத் திரைதான். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு நொடி வரை சிந்தனை அறுபடாது. பத்து நொடி தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். இந்த மூன்று எல்லைகளை, மக்கள் கணினியைப் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதினார். இன்றும் மாறவில்லை.

முதல் திரைக்கு வேண்டியதை மட்டும் முதலில் இறக்குங்கள். கொட்டகைப் படம் ஆட்டக்காரர் மரம் சீவும்போது பின்னால் இறங்கட்டும். பிஎன்ஜி படங்களை, எடை குறைந்த வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றுங்கள். 'ஏற்றுகிறது' என்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்துக்குப் பதில், மங்கில் பால் நிரம்புவதாக உண்மையான அளவைக் காட்டுகிறோம். நிரம்பியதும் 'தொடங்கு' பொத்தான் வரும். அது அலங்காரத்துக்கு இல்லை: குரோம் 2018 முதல் ஆட்டக்காரர் ஒன்றைத் தொடும்வரை ஒலியைத் தடுத்துவைக்கிறது. அந்த ஒரு தொடலில்தான் பெரட்டு மணி ஒலிக்கும்.

"மலாயில் அளவாக இருந்த பொத்தான் தமிழில் பிதுங்குகிறது. எழுத்தைச் சிறிதாக்கலாமா?"

கூடாது. எழுத்துருக் கேள்வியில் சொன்ன 16 பிக்சல் இங்கேயும் பொருந்தும். பொத்தானின் அகலத்தைக் கட்டிவைக்காமல், சொல்லுக்குத் தக்கபடி விரிய விடுங்கள். அதற்கும் முன்னால் சொல்லைப் பாருங்கள். 'சிம்பான்' என்பதற்கு ஒரு மாணவர் 'சேமித்து வைக்கவும்' என்று போட்டிருந்தார். 'சேமி' போதும். தமிழில் ஏவல் வினை எவ்வளவு சிறியது பாருங்கள்: நிறு, சீவு, விற்று வா.

அகராதியில் தேடி எடுத்த சொல்லைவிட, அந்த இடத்தில் புழங்கிய சொல் திரையில் குறைந்த இடம் பிடிக்கும், விளக்கமும் கேட்காது. கையில் உள்ள பொருள்களைக் காட்டும் பக்கத்துக்கு 'பொருள் இருப்புப் பட்டியல்' என்று பெயர் வைத்திருந்தோம். யாரும் திறக்கவில்லை. 'வாளி' என்று மாற்றினோம்.

"மின்னல், மழை, துள்ளும் காசு எல்லாம் வைத்தால் தலை சுற்றுகிறது என்கிறார் அம்மா. எவ்வளவு அசைவு சரி?"

ஒரு நேரத்தில் ஒன்று அசைந்தால் போதும். எது அசைகிறதோ அதைத்தான் கண் பார்க்கும். காசும் மரமும் மேகமும் சேர்ந்து ஆடினால் எதையும் பார்க்க முடியாது. கைப்பேசி அமைப்பில் 'அசைவைக் குறை' என்று வைத்திருப்பவரை உலாவி நமக்குச் சொல்லும். அவருக்கு மழைக்குப் பதில் நனைந்த காடு ஒன்றை அசையாமல் காட்டுகிறோம்.

மின்னலில் விளையாட வேண்டாம். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் திரை சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். எங்களுடையது ஒரே ஒரு மின்னல், பிறகு இடி.

"பழைய ஆட்டக்காரர்கள் 'முன்பு இருந்ததே நல்லது' என்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்பதா?"

கேளுங்கள், ஆனால் எதைச் சொல்கிறார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். ஒரு பதிப்பில் நிறம், எழுத்துரு, பொத்தான் இடம் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினோம். மறுநாள் கோப்பிக்கடையில் எனக்குத் தேநீர் இறங்கவில்லை. பேசிப் பார்த்தால் நிறத்தையும் எழுத்தையும் யாரும் குறை சொல்லவில்லை. 'நிறு' பொத்தான் வலக்கீழ் மூலையிலிருந்து போய்விட்டதே என்பதுதான் அத்தனை பேரின் கோபமும். கை தானாகப் போகும் இடத்தில் அது இல்லை. திருப்பி வைத்தோம், ஓய்ந்தது.

எனவே தோற்றத்தை மாற்றும் வாரத்தில் இடத்தை மாற்றாதீர்கள். இடம் மாறியே ஆக வேண்டும் என்றால் அதை மட்டும் தனியாக மாற்றி, பழைய இடத்தில் சில நாள் ஓர் அம்புக்குறி வையுங்கள்.

"சரி, நன்றாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இதுவரை ஆடாத ஐந்து பேரைப் பிடியுங்கள். "இன்றைய பாலை நிறுத்துக் காசு வாங்குங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாயை மூடுவதுதான் கடினம். அவர் விரல் தவறான மூலைக்குப் போகும்போது "அங்கே இல்லை, இங்கே" என்று நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை போச்சு. எங்கள் வகுப்பில் சோதனை நேரத்தில் பேசுபவர் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும் என்று விதி. இதுவரை அதிகம் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

எங்கே தயங்கினார், எதை இரண்டு முறை தொட்டார், எந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐவரில் மூவர் ஒரே இடத்தில் நின்றால் அதைத் திருத்துங்கள். போன வாரம் மூன்று பேர் வாளியை அமுக்காமல், அதன் நிழலை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சனிக்கிழமை நிழலுக்கும் தொடும் பரப்பு வைக்கிறோம்.